பழைய கணினிக்கு ஆயுள் விதிப்பது யார்?

2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 14ஆம் தேதி உலகத்தில் எந்தக் கணினியும் திடீரென்று நின்றுபோகவில்லை. முதல்நாள் இரவு எப்படி ஓடினவோ அப்படியே மறுநாள் காலையிலும் அவை ஓடின. கணக்கு எழுதுவோர் கணக்கு எழுதினார்கள், பிள்ளைகள் படம் பார்த்தார்கள், பதிவு அலுவலக வாசலில் பத்திரம் அடிப்போர் பத்திரம் அடித்தார்கள். ஆயினும், பத்தாண்டுக் காலம் கோடிக்கணக்கான மேஜைகளில் குடியிருந்த விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு அன்றைய தினத்தோடு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிடும் என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முன்கூட்டியே அறிவித்து, அறிவித்தபடியே செய்தும்விட்டபடியால், நேற்றுவரை வீட்டில் உபயோகமுள்ள சாமானாக இருந்த பெட்டி, இன்று பழசு என்ற பெயரைச் சுமந்துகொண்டு, அதை வைத்துக்கொள்வதா, விற்பதா, பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போடுவதா என்ற குடும்ப விவாதத்துக்கு உரியதாகிவிட்டது.

இந்த விவாதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. யந்திரம் தேய்ந்துபோவது ஒரு விஷயம். யந்திரத்துக்கு ஒரு நிறுவனம் தேதி குறிப்பது வேறொரு விஷயம். கணினி மெதுவாகிவிட்டது என்று அலுத்துக்கொள்பவரும், விண்டோஸ் 11 என் கணினியில் ஏறவில்லை என்று வருந்துபவரும் ஒரே குறையைச் சொல்வதாக எண்ணிக்கொள்கிறார்கள். கடைக்காரர்களும் அந்தக் குழப்பத்தைத் தெளிவிக்க அவ்வளவாக ஆர்வம் காட்டுவதில்லை. முன்னதற்குப் பரிகாரம் அநேகமாகச் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். பின்னதற்குப் பரிகாரம், வேண்டுமா வேண்டாமா என்று நாம் நிதானமாக யோசித்துத் தீர்மானிக்க வேண்டியது.

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29இல். அந்த வருஷம் மே மாதத்தில் சிகாகோவில் நடந்த மாநாடு ஒன்றில் மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவர் இதுவே விண்டோஸின் கடைசிப் பதிப்பு என்று மேடையில் சொல்ல, இனிமேல் புதுப் பதிப்பு வாங்கும் தொல்லை இல்லை, இருப்பதே காலத்துக்கேற்பத் திருந்திக்கொண்டு போகும் என்று பத்திரிகைகள் எழுதின, ஜனங்களும் நம்பினார்கள். 2021 அக்டோபர் 5இல் விண்டோஸ் 11 வந்தது. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும், செக்யூர் பூட் வேண்டும், இன்டெல் ஆனால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசசர் வேண்டும் என்று அது நிபந்தனைகளையும் கூடவே கொண்டுவந்தது. எட்டாம் தலைமுறை பிராசசர்கள் கடைக்கு வந்ததே 2017இன் பிற்பகுதியில்தான். ஆகவே அந்த வருஷத்துத் தொடக்கத்தில் நல்ல விலை கொடுத்து, ஏழாம் தலைமுறை ஐ5 பிராசசரும் எட்டு ஜி.பி. ரேமும் கொண்ட யந்திரத்தை வாங்கியவர், சொற்ப விலக்குகள் நீங்கலாக, அது இன்றைக்கும் சுறுசுறுப்பாக ஓடினாலும் விண்டோஸ் 11க்கு அருகதை இல்லாதவராகிவிட்டார்.

நிறுவனத்தின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. வட்டில் உள்ளவற்றைப் பூட்டும் சாவிகளை மற்ற நிரல்களின் கைக்கு எட்டாத தனிச் சில்லில் வைப்பதும், இயங்குதளம் எழும்புவதற்கு முன்பே உள்ளே புகுந்துகொள்ளும் தீய நிரல்களைத் தடுப்பதும் அவசியமான காரியங்களே. ஆனால் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் பலவற்றில் டி.பி.எம். 2.0 ஏற்கெனவே இருக்கிறது. கணினியின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாஸுக்குள் நுழைந்து பார்த்தால் பி.டி.டி. என்ற பெயரில் அது அணைத்து வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். சில்லு இருந்தும், பிராசசரின் பெயர் பட்டியலில் இல்லை என்பதற்காக மட்டும் ஒரு யந்திரத்தைத் தள்ளிவைப்பது பாதுகாப்பு என்ற ஒரே காரணத்துக்காகத்தான் என்று நம்புவதற்கு என் மனம் இடங்கொடுக்கவில்லை. கனாலிஸ் என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் இந்தத் தேதியினால் சுமார் 24 கோடிக் கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று 2023இல் கணித்தது. 2022ஆம் ஆண்டில் உலகம் கழித்துப் போட்ட மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன் என்றும், அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவிகிதமே என்றும் ஐக்கிய நாடுகளின் அறிக்கை சொல்கிறது. இதன்மேல் இன்னும் 24 கோடியா என்று கேட்கத் தோன்றுகிறது.

சென்னை அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ரிச்சி தெருவும், அதை ஒட்டி நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு முதலிய சந்துகளும் வரும். வானொலிப் பெட்டிகளுக்கு வேண்டிய உதிரிச் சாமான்களை விற்ற காலத்திலிருந்து காலக்கிரமத்தில் வளர்ந்து, இன்று மதர்போர்டு முதல் மடிக்கணினியின் ஒற்றை விசைவரை கிடைக்கும் சந்தையாக அது விளங்குகிறது. இருசக்கர வண்டியின் முன்பக்கத்தில் கேபினெட்டை நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கும் வாடிக்கையாளருக்கும் கடைப் பையனுக்கும் அங்கே நடக்கும் சம்பாஷணை பெரும்பாலும் ஒரே மாதிரியாக இருக்கும்.

"தம்பி, ஆன் பண்ணினா கால் மணி நேரம் ஆகுது. வைரஸா இருக்குமா?"

"எத்தனை வருஷம் ஆச்சு சார்? ஃபார்மட் போட்டு ஓ.எஸ். ஏத்திடலாம். சாயந்திரமா வாங்க."

நாடி பார்க்காமல் பேதி மருந்து கொடுக்கும் வைத்தியரைப் போல, என்ன குறை என்று பாராமலே ஃபார்மட் போடுவது நம் ஊர்களில் சர்வ சாதாரணமான வழக்கமாகிவிட்டது. ஃபார்மட் போட்ட கணினி சில நாள் வேகமாக ஓடத்தான் செய்யும். அப்புறம் பழைய கதை. இதற்கிடையில் பிள்ளைகளின் பிறந்தநாள் படங்களும், வீட்டுக் கடன் பத்திரத்தின் ஸ்கேன் பிரதியும், பத்து வருஷக் கடிதங்களும் போன இடம் தெரியாமல் போயிருக்கும். மேலும், பல கடைகளில் பையனின் பென் டிரைவிலிருந்து ஏற்றப்படும் விண்டோஸ் உரிமம் பெற்றதாக இருப்பதில்லை. அதை உரிமம் பெற்றதுபோல் நடிக்கவைக்கும் நிரல், வைரஸ் தடுப்பை முதலில் அணைக்கச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வரும். திருட்டுச் சாவியோடு வருகிறவன் வேறு எதையெல்லாம் கூடக் கொண்டுவருவான் என்று யார் கண்டார்கள்?

மெதுவான கணினிக்கு உண்மையான காரணம் என்னவென்று அறிய வீட்டிலேயே ஒரு பரிசோதனை உண்டு. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் என்னும் பலகை திறக்கும். அதில் பிராசசர், நினைவகம், டிஸ்க் என்று வரிசையாகச் சதவிகிதங்கள் ஓடிக்கொண்டிருக்கும். பிராசசர் பத்துச் சதவிகிதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவிகிதத்தில் சிவந்து நின்றால், குற்றவாளி ஹார்ட் டிஸ்க் என்று தைரியமாக முடிவு செய்யலாம். மடிக்கணினிகளில் வழக்கமாக இருக்கும் ஹார்ட் டிஸ்கின் தட்டு நிமிஷத்துக்கு 5,400 தடவை சுழல்கிறது; ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 11 மில்லி வினாடி. வேண்டிய இடம் தன் அடிக்குச் சுழன்று வரும்வரை படிக்கும் முனை காத்திருக்க வேண்டும். அடுத்த துணுக்கு வேறொரு மூலையில் இருந்தால் அங்கே போய் மறுபடி காத்திருக்க வேண்டும். இப்படி வினாடிக்கு நூறு துணுக்குகளைப் பொறுக்குவதே அதற்குப் பெரும்பாடு. விண்டோஸ் 10 போன்ற இயங்குதளமோ எழும்பும்போதே ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கிறது. சுழலும் உறுப்பு எதுவும் இல்லாத எஸ்.எஸ்.டி. அதே வேலையை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை செய்கிறது. கால் மணி நேரம் எடுத்துக்கொண்ட யந்திரம், இந்த ஒரு சாமானை மாற்றியதும் அரை நிமிஷத்துக்குள் எழுந்து நிற்பதைக் கண்ட எவரும், பிராசசரையோ வைரஸையோ மறுபடி குறை சொல்லத் துணியமாட்டார்கள். பழைய கணினிக்குச் செலவழிக்க ஒரே ஒரு செலவுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால், அது எஸ்.எஸ்.டி.க்கே போகட்டும் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

ஹார்ட் டிஸ்க் மெதுவாக இருப்பதோடு டக், டக் என்று சீராகச் சத்தமும் போடத் தொடங்கிவிட்டால், அதன்பின் அதை ஃபார்மட் போடுவதோ, பழுது பார்க்கும் நிரல்களை இரவெல்லாம் ஓடவிடுவதோ பெரிய அபாயம். முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிற சத்தம் அது. இருப்பதை உடனே வேறொரு வட்டில் பிரதி எடுத்துக்கொண்டு அதற்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும்.

இனி, எதுவுமே தெரியாத திரையைப் பற்றி. விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாக இருக்கிறது. சில பெட்டிகள் கூடவே பீப் என்று கத்தும். "டிஸ்ப்ளே வரலை, போர்டு போயிடுச்சு" என்று பாமரர் பயப்படும் இந்த நிலைக்கு மூலகாரணம் பெரும்பாலும் ரேம் பலகையின் அடிவிளிம்பில் வரிசையாக உள்ள பொன் முலாம் பூசிய பற்களில் படிந்த மெல்லிய அழுக்குத்தான். கடலோர ஊர்களின் ஈரக்காற்றுக்கு இதில் பங்கு அதிகம். கைதேர்ந்த தொழிலாளி இதைச் சரிசெய்வதைப் பார்ப்பது ஒரு தனி இன்பம். மின்சாரத்தை அடியோடு துண்டித்து, கேபினெட்டின் உலோகத்தை ஒரு தடவை தொட்டுத் தன் உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, இரண்டு பக்கத்துக் கொக்கிகளையும் கட்டைவிரலால் விலக்கினால் ரேம் தானாக மேலே எழும்பும். அதை விளிம்பில் பிடித்துக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகள் உபயோகிக்கும் வெள்ளை ரப்பரால் அந்தப் பற்களை மேலிருந்து கீழாக மிருதுவாகத் தேய்த்து, துகளை ஊதாமல் தூரிகையால் தட்டிவிட்டு, வெட்டுப் பொருந்தும்படி நிறுத்தி, இரண்டு முனையும் 'கிளிக்' என்று பூட்டும்வரை அழுத்துகிறார். திரை வந்துவிடுகிறது. நாணயமான கடைக்காரர் இதற்கு நூறோ இருநூறோ வாங்கிக்கொண்டு, "ஒண்ணுமில்ல சார், ரேம் லூஸா இருந்துச்சு" என்று சொல்லி அனுப்புவார். வேறுவிதமான கடைக்காரரும் உண்டு. அவர் பெட்டியை இரண்டு நாள் வைத்துக்கொள்வார்.

தூசியைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியதில்லை. விசிறிக்குப் பின்னால் உள்ள செம்புத் தகடுகளுக்கிடையில் பஞ்சு மெத்தென்று தூசி அடைத்துக்கொண்டால் பிராசசரின் சூடு வெளியேறாது. நூறு டிகிரியை நெருங்கும்போது அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதிலும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். தூசியை எடுத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினால் போதும்.

இதைவிட விசித்திரமானது மதர்போர்டில் நாணயம்போல் பதிந்திருக்கும் சி.ஆர். 2032 என்ற மூன்று வோல்ட் மின்கலம். கணினி அணைந்திருக்கும் வேளையில் அதன் கடிகாரத்தை ஓடவைப்பது இதுவே. சில வருஷங்களில் இது தீர்ந்துபோனால், கணினி ஒவ்வொரு காலையும் பல ஆண்டுகளுக்கு முந்திய ஏதோ ஒரு தேதியில் கண்விழிக்கும். அந்தத் தேதியை வைத்துக்கொண்டு வங்கியின் இணையப் பக்கத்தைத் திறக்கப் போனால், அப்பக்கத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று உலாவி மறுக்கும். இணைப்பு பத்திரமானதல்ல என்று எச்சரிக்கும். வீட்டுக்காரர் இணைய இணைப்புக் கொடுத்தவரைத் தொலைபேசியில் திட்டுவார். அவர்கள் மோடத்தை அணைத்துப் போடச் சொல்வார்கள். திரையின் வலதுகோடியில் இருக்கும் தேதியை மட்டும் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். இத்தனை அமர்க்களத்துக்கும் காரணமான மின்கலத்தின் விலை ஐம்பது ரூபாயைத் தாண்டாது.

நம் வீடுகளுக்கே உரிய இன்னொரு சங்கதி, கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டால் சுருக்கென்று கடிப்பது. மின்சாரத்திலுள்ள இரைச்சலை வடிகட்டுவதற்காக கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் இருக்கும் சிறிய கண்டென்சர்கள் நம் 230 வோல்டில் ஏறக்குறையப் பாதியைக் கேபினெட்டின் உடம்புக்கு ஏற்றிவிடுகின்றன. அதன் மின்னோட்டம் சொற்பம், எர்த் கம்பி சரியாக இருந்தால் அதுவும் தெரியாமல் தரைக்கு இறங்கிவிடும். சுருக்கென்று கடிக்கிறதென்றால் சுவரிலுள்ள எர்த் வேலை செய்யவில்லை என்று பொருள். கணினிக் கடைக்குப் போவதை விட்டு எலெக்ட்ரீஷியனைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். மூன்று கால் பிளக்கை இரண்டு கால் சாக்கெட்டில் வலிந்து செருகும் நம் சாமர்த்தியத்தினால் வீணான மதர்போர்டுகளுக்குக் கணக்கில்லை.

அணைத்துப் போட்டுப் பார்த்தேன், சரியாகவில்லை என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, ஷட் டவுன் கொடுத்தால் கணினி முழுவதும் அணைவதில்லை. மறுநாள் சீக்கிரம் எழுவதற்காக, இயங்குதளத்தின் உட்கருவை அப்படியே வட்டில் எழுதி வைத்துவிட்டுத் தூங்குகிறது. காலையில் அந்தப் பழைய நிலையையே எடுத்துக்கொள்கிறது. ஆகவே நேற்று அடங்காத பிரிண்டர் இன்றும் அடங்காது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

யந்திரத்தின்மேல் வீண்பழி விழுவதற்கு அண்மைக் காலத்தின் மிகப் பெரிய உதாரணம் 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு திருத்தத்தினால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு விழுந்தன என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. இந்திய விமான நிலையங்களில் ஊழியர்கள் பேனாவை எடுத்துப் பயணிகளுக்குக் கையாலேயே போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். அந்த 85 லட்சத்திலும் சில்லோ, வட்டோ, ரேமோ பழுதாகவில்லை. சேஃப் மோடில் எழுப்பி, குறிப்பிட்ட ஒரு கோப்பை அழித்ததும் அவை பழையபடி ஓடின. நீலத் திரையைக் கண்டதும் ஃபார்மட் போடத் துடிக்கும் கைகள் அன்றைக்கு விமான நிலையங்களில் இல்லாதது பயணிகளின் பாக்கியம்.

இவ்வளவும் பார்த்து, யந்திரம் நன்றாகவே இருக்கிறது, விண்டோஸ் 10தான் பாக்கி என்ற நிலைக்கு வந்தவர் என்ன செய்யலாம்? தனிமனிதர்களுக்கு மைக்ரோசாஃப்ட் இன்னும் ஒரு வருஷ அவகாசம் கொடுத்தது. முப்பது டாலர் கட்டியோ, அல்லது தங்கள் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கச் சம்மதித்துச் செலவில்லாமலோ, 2026 அக்டோபர் 13வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறும் ஏற்பாடு அது. நிபந்தனைகளைத் தாண்டிக் குதித்து விண்டோஸ் 11ஐ ஏற்றிவிடும் உபாயமும் கடைகளில் பிரசித்தம். அப்படி ஏற்றியவற்றுக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்று உறுதி இல்லை என நிறுவனம் சொல்லியிருப்பதால், தொழிலுக்கு ஆதாரமான கணினியில் அதைச் செய்வதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

மூன்றாவது வழி லினக்ஸ். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் பொழுதுபோக்காகத் தொடங்கிய காரியம் இன்று உலகத்தின் சர்வர்களில் பெரும்பகுதியையும் நம் சட்டைப்பையிலுள்ள ஆண்ட்ராய்டு தொலைபேசியையும் தாங்கி நிற்கிறது. தமிழ்நாட்டுக்கு இது புதிய விருந்தாளியும் அன்று. லினக்ஸின் இந்தியப் பதிப்பான பாஸ் லினக்ஸ் உருவானதே சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தில். 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசோடு அதையும் சேர்த்து ஏற்றிக் கொடுத்தார்கள். வாங்கிய மாணவர்களில் அநேகர் அதை ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை. சொல்லிக்கொடுப்பவர் இல்லாமல் கொடுக்கப்பட்ட பொருளுக்கு நேரும் கதிதான். அந்த மடிக்கணினிகள் பல இன்னும் பரண்மேல் கிடக்கின்றன. எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தி லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை ஏற்றினால், ஒரு பள்ளிப் பிள்ளைக்கு எழுதவும் படிக்கவும் இணையம் பார்க்கவும் அவை தாராளமாகப் போதும். நிறுவுவதற்கு முன், பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டு, வைஃபையும் ஒலியும் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம் என்பது இதிலுள்ள பெரிய சௌகரியம்.

லினக்ஸின் அன்பர்கள் சொல்வதுபோல் எல்லாருக்கும் இது பொருந்திவிடும் என்று நான் சொல்லவில்லை. டேலியில் கணக்கு எழுதும் மளிகைக் கடைக்காரரும், பேஜ்மேக்கரையும் பழைய தமிழ் எழுத்துருக்களையும் விட்டு இன்னும் வெளியே வராத அச்சகத்தாரும் விண்டோஸை விட்டு நகர முடியாது. அவர்கள் தொழில் யந்திரத்தைப் புதிதாக வாங்குவதே விவேகம். பழையதை வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால், 2025இன் இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், சாமானியர்களுக்கு விற்றுவந்த க்ரூஷியல் ரேம், எஸ்.எஸ்.டி. வணிகத்தையே விட்டு விலகப்போவதாக அறிவித்தது. பழைய பெட்டிக்குள் இருக்கும் எட்டு ஜி.பி. ரேமின் அருமை இனிமேல்தான் தெரியப்போகிறது. எடைக்குப் போடும் எண்ணமிருந்தால் அதைக் கழற்றி வைத்துக்கொண்டாவது போடுங்கள்.

கணினியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகுமுன் அதிலுள்ள படங்களையும் பத்திரங்களையும் வேறொரு வட்டில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் ஃபார்மட் போடலாம் என்றால், எதனால் என்று ஒரு கேள்வி கேளுங்கள். டிஸ்க் நிலையைப் பார்த்தீர்களா, ரேமைக் கழற்றிப் பார்த்தீர்களா என்று விசாரியுங்கள். காரணம் சொல்லத் தெரியாதவரிடம் உங்கள் பெட்டியை விட்டுவிட்டு வராதீர்கள்.